இசைத்தட்டுக் கேள்வி பதில்: அட்டையில் போட்ட வருஷத்தை நம்பாதீர்கள்

போன இதழில் 1969 முதல் 1971 வரை பதிவான ஜாஸ், சோல், ப்ளூஸ், ராக் தட்டுகள் சிலவற்றைப் பற்றி நாலு வரி எழுதி, சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று முடித்திருந்தேன். கேட்டுவிட்டீர்கள். பாதிப் பேர் பாட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை, அப்பா விட்டுப்போன பெட்டியைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். சரி, எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

கேள்வி (வெருலத்திலிருந்து ஒரு வாசகர்): என்னிடம் இருக்கும் 'கோல்ட் ஃபேக்ட்' தட்டை நான் 1971இல் வாங்கினேன். நீங்கள் 1969 கணக்கில் சேர்த்திருக்கிறீர்கள். என் மகன் போனில் தேடிப்பார்த்து 1970 என்கிறான். யார் சொல்வது சரி?

பதில்: மூன்று பேரும் சரி, அதுதான் தொல்லை. அமெரிக்கப் பாடகர் ரோட்ரிகஸ் அந்தப் பாட்டுகளை டெட்ராய்ட் நகரத்தில் பாடிப் பதிவு செய்தது 1969 ஆகஸ்ட், செப்டம்பரில். அமெரிக்காவில் கடைக்கு வந்தது 1970 மார்ச்சில். நம் தென்னாப்பிரிக்கக் கடைகளுக்கு வந்தது 1971இல். பிள்ளை பிறந்த நாள் ஒன்று, பெயர் வைத்த நாள் ஒன்று, நம் வீட்டு வாசலுக்குத் தூக்கிக்கொண்டு வந்து காட்டிய நாள் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்களேன். நான் பிறந்த நாளைத்தான் எடுத்துக்கொள்வேன். ஏனென்றால் வாசித்தவர் மனதில் அன்றைக்கு என்ன ஓடியது, அந்த வாரம் ஊரில் என்ன நடந்தது என்பதெல்லாம் அந்தத் தேதியோடுதான் ஒட்டிக்கொண்டிருக்கும். மற்ற இரண்டு தேதிகளும் வியாபாரத் தேதிகள்.

இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ராக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் 'பேண்ட் ஆஃப் ஜிப்ஸிஸ்'. நியூயார்க் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கத்தில் 1969 டிசம்பர் 31, 1970 ஜனவரி 1 என்று இரண்டு இரவுகள், இரவுக்கு இரண்டு ஆட்டம், ஆக நாலு கச்சேரி. நாலையும் டேப்பில் ஏற்றினார்கள். ஆனால் தட்டில் வந்த ஆறு பாட்டுமே ஜனவரி 1ஆம் தேதி வாசித்தவை, 60கள் முடிகிற ராத்திரியில் வாசித்ததில் ஒன்றுகூட அதில் இல்லை. பழைய ஒப்பந்தத் தகராறு ஒன்றைத் தீர்க்க ஓர் ஆல்பம் கொடுத்தாக வேண்டும் என்பதால் கொடுத்த தட்டு அது. கடன் கழிக்கக் கொடுத்த தட்டில் 'மெஷின் கன்' மாதிரி ஒரு பாட்டு இருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. வியட்நாமில் சண்டை போடும் சிப்பாய்களுக்கு மட்டுமில்லை, சிகாகோவிலும் மில்வாக்கியிலும் நியூயார்க்கிலும் சண்டை போடுகிறவர்களுக்கும் இது என்று சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறார், அப்புறம் 12 நிமிஷத்துக்கு மேல் அந்த கிட்டார் சுடுகிறது, அலறுகிறது, கடைசியில் முனகுகிறது. அதே வருஷம் செப்டம்பர் 18ஆம் தேதி ஹெண்ட்ரிக்ஸ் போய்விட்டார், வயது 27.

நம்ம டர்பனுக்கே இப்படி ஒரு கதை உண்டு. ப்ளூ நோட்ஸ் என்ற ஜாஸ் குழு 1964இல் நாட்டை விட்டுக் கிளம்பும் முன் இங்கே வாசித்த கச்சேரி ஒன்று டேப்பில் தூங்கிக்கொண்டிருந்து, 1995இல்தான் வெளியே வந்தது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் வாசித்ததால் இங்கே இருக்க முடியாமல் போன குழு. பிறந்த பிள்ளைக்கு 31 வருஷம் கழித்துப் பெயர் வைத்தால் எப்படி இருக்கும்!

கேள்வி (ஃபீனிக்ஸ் வாசகி): ஐசக் ஹேய்ஸ் பாட்டு ஒன்றில் நம்ம ஃபீனிக்ஸ் பெயர் வருகிறதாமே, என் தம்பி சத்தியம் செய்கிறான். உண்மையா?

பதில்: தம்பியிடம் பந்தயம் கட்டியிருந்தால் பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள் தங்கச்சி. அது நம்ம டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸ் இல்லை, அமெரிக்காவில் அரிசோனாவில் உள்ள ஃபீனிக்ஸ். ஒருவன் காதலியைத் தூங்கவிட்டுவிட்டு விடியற்காலையில் காரை எடுத்துக்கொண்டு கிளம்புகிறான், அவன் அந்த ஊர் போய்ச் சேரும் நேரத்தில் அவள் எழுந்திருப்பாள், அவ்வளவுதான் விஷயம். பாட்டை எழுதியது ஜிமி வெப், முதலில் மூன்று நிமிஷத்துக்குள் முடிகிற சாதுவான பாட்டு.

சோல் பாடகர் ஐசக் ஹேய்ஸ் 1969இல் மெம்ஃபிஸில் 'ஹாட் பட்டர்ட் சோல்' தட்டுக்காக அதை எடுத்து 18 நிமிஷத்துக்கு மேல் இழுத்துவிட்டார். இழுத்துவிட்டார் என்பது குறையாகச் சொல்லவில்லை. முதல் எட்டு நிமிஷம் பாட்டே கிடையாது, ஆர்கன் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, பேஸ் மெதுவாக நடக்கிறது, இவர் உட்கார்ந்து அந்தப் பையன் யார், அவள் என்ன செய்தாள், எத்தனை தடவை விட்டுப்போய்த் திரும்பி வந்தான் என்று கதை சொல்கிறார். கதாகாலட்சேபத்தில் பாகவதர் பாட்டுக்கு வருவதற்கு முன் சும்மா பேசிக்கொண்டே நம்மைக் கட்டிப்போடுவாரே, அது மாதிரி. மொத்தத் தட்டுக்கும் நாலே பாட்டு. அவருடைய தட்டுகளைப் போட்ட ஸ்டாக்ஸ் கம்பெனி 1968இல் தன் பழைய பதிவுகளையெல்லாம் அட்லாண்டிக் என்ற பெரிய இசைத்தட்டுக் கம்பெனியிடம் இழந்துவிட்டு, கடையை நிரப்ப ஒரே சமயத்தில் 27 ஆல்பங்கள் போட்டது. அந்த அவசரத்தில், உன் இஷ்டத்துக்குச் செய் என்று ஹேய்ஸை விட்டார்கள். கும்பலில் ஒன்றாகப் போன தட்டு, அதுதான் ஓடியது.

கேள்வி (சாட்ஸ்வொர்த் வாசகர்): மருமகன் பிறந்த நாளுக்கு 'பிட்சஸ் ப்ரூ' வாங்கிக் கொடுத்தான். பெயரை வீட்டில் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஒரு பாட்டு 27 நிமிஷம் ஓடுகிறது, தலைவலிதான் மிச்சம். இதில் அப்படி என்னதான் இருக்கிறது அண்ணா?

பதில்: முதல் தடவை எனக்கும் தலைவலிதான். சமையல் நடக்கிற நேரத்தில் போட்டுக் கேட்டால் பாத்திரம் உருள்கிற சத்தத்துக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது.

அந்தத் தட்டுக்காக ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1969 ஆகஸ்ட் 19, 20, 21 ஆகிய மூன்று நாள் நியூயார்க்கில் ஸ்டூடியோவுக்குள் போனார். அமெரிக்காவின் பெரிய ராக் இசைத் திருவிழாவான உட்ஸ்டாக் முடிந்ததற்கு மறுநாள் தொடங்கினார். இரண்டு டிரம்ஸ், மேலே தோல் வாத்தியம் தட்டுகிறவர்கள், இரண்டு பேஸ், எலக்ட்ரிக் பியானோ இரண்டு, சில இடங்களில் மூன்று, ஜான் மெக்லாக்லின் கிட்டார், வேய்ன் ஷார்ட்டர் சாக்ஸஃபோன், அப்புறம் அடிவயிற்றிலிருந்து பேசுகிற மாதிரி பென்னி மாப்பினின் பேஸ் க்ளாரினெட். முழுப்பாட்டு என்று எழுதிக்கொண்டு போகவில்லை. ஒரு சின்னத் துணுக்கு, ஒரு சுரம், ஒரு தாளம் கொடுத்துவிட்டு, டேப்பை ஓடவிட்டு, கையைக் காட்டி இவரை நிறுத்தி அவரை ஆரம்பித்து வாசித்தார்கள்.

இதற்கப்புறம் நடந்ததுதான் முக்கியம். டியோ மசேரோ என்ற தயாரிப்பாளர் அந்த டேப்பை எடுத்துப் பிளேடால் வெட்டினார். வெட்டி, ஒட்டி, பிடித்த துண்டை இன்னொரு இடத்தில் மறுபடியும் போட்டு, முதல் பக்கம் முழுக்க ஓடுகிற அந்த 20 நிமிஷப் பாட்டில் அப்படிப் பல வெட்டு. ஓரிடத்தில் ஒரே வரி திரும்பத் திரும்ப வருவது வாசித்தது இல்லை, ஒட்டியது.

எங்கள் மாமா கிரே தெரு பக்கத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார், பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கேதான் இருப்பேன். டேப் அறுந்து வந்தால் அவர் எப்படிச் சேர்ப்பார் என்று பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஒரு சின்ன அலுமினியக் கட்டை, நடுவில் டேப் படுக்கிற அகலத்துக்குப் பள்ளம், பள்ளத்துக்குக் குறுக்கே சாய்வாக ஒரு கோடு. இரண்டு முனையையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து அந்தக் கோட்டில் பிளேடை இழுப்பார். நேராக வெட்டினால் 'டொக்' என்று கேட்கும், சாய்த்து வெட்டினால் ஒரு சத்தம் இன்னொன்றுக்குள் நழுவிப் போய்விடும். அப்புறம் விரல் நக அளவு வெள்ளை டேப்பை முதுகுப்பக்கம் ஒட்டி நகத்தால் தேய்ப்பார். அவ்வளவுதான் தொழில்நுட்பம். ஜாஸ் என்றால் ஒரே மூச்சில் வாசித்ததை அப்படியே கொடுப்பது என்று நம்பிக்கொண்டிருந்த ரசிகர்களுக்கு அந்த பிளேடு பெரிய துரோகமாகத் தெரிந்தது. எனக்கு அதுதான் கலையாகத் தெரிகிறது.

நீங்கள் ஒன்று செய்யுங்கள், ராத்திரி எல்லோரும் தூங்கினபிறகு அதே 27 நிமிஷப் பாட்டைப் போட்டு, மற்ற எதையும் கவனிக்காமல் அந்த பேஸ் க்ளாரினெட்டை மட்டும் காதால் பிடித்துக்கொண்டு போங்கள். அப்படியும் பிடிக்கவில்லை என்றால் அதே மைல்ஸ் 1959இல் பதிவு செய்த 'கைண்ட் ஆஃப் ப்ளூ' வாங்கிக்கொள்ளுங்கள், அதில் யாருக்கும் தலைவலி வந்ததாக நான் கேட்டதில்லை. மருமகனிடம் மட்டும் சொல்ல வேண்டாம்.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்): மார்வின் கே பாடிய 'வாட்ஸ் கோயிங் ஆன்' பாட்டில் இரண்டு பேர் பாடுகிற மாதிரி கேட்கிறதே, இன்னொருவர் யார்?

பதில்: அவரேதான். இரண்டு தடவை பாடினார், எது நன்றாக இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க எஞ்சினியர் டேப் தயார் செய்தபோது இரண்டும் சேர்ந்து ஒலித்துவிட்டது. தவறுதான், ஆனால் மார்வின் அதையே வைத்துக்கொண்டார். ஆரம்பத்தில் வரும் சாக்ஸஃபோன்கூட அதை வாசித்த கலைஞர் வாத்தியத்தைச் சூடுபடுத்திக்கொண்டு சும்மா ஊதியது. பாட்டுப் பதிவானது 1970 ஜூனில். மோட்டவுன் இசைத்தட்டுக் கம்பெனி முதலாளி பெர்ரி கோர்டிக்குப் பிடிக்கவில்லை, 1971 ஜனவரி வரை அது வெளியே வரவில்லை. வந்து விற்றுத் தீர்ந்ததும், ஆல்பம் எங்கே, ஆல்பம் எங்கே என்று அவசரம். முதலாளி வர்க்கம் எங்கேயும் இப்படித்தான்.

கேள்வி (டொங்காட்டிலிருந்து ஒரு வாசகி): ஆலிஸ் கோல்ட்ரேனின் 'ஜர்னி இன் சச்சிதானந்தா' என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் அம்மா சிவானந்தர் சத்சங்கத்துக்குப் போகிறவர். இது அந்த சச்சிதானந்தரா, இல்லை சும்மா வைத்த பெயரா?

பதில்: அவரேதான், அம்மாவிடம் தாராளமாகச் சொல்லுங்கள். கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையத்தில் 1914இல் பிறந்தவர், ரிஷிகேஷில் சுவாமி சிவானந்தரிடம் சந்நியாசம் வாங்கியவர். நம் டர்பன் தெய்வ நெறிக் கழகத்துக்காரர்கள் எந்த சிவானந்தர் படத்துக்கு மாலை போடுகிறார்களோ அதே குருவின் சீடர். 1969 ஆகஸ்டில் உட்ஸ்டாக் திருவிழா தொடக்கத்தில் காவி உடையும் நீண்ட தாடியுமாக மேடையில் உட்கார்ந்து லட்சக்கணக்கான பிள்ளைகளிடம் பேசினாரே, அவர். ஒரு கவுண்டர் வீட்டுப் பிள்ளை ராக் திருவிழாவைத் தொடங்கிவைத்திருக்கிறார் என்பதை நம் ஆட்கள் ஏன் இன்னும் கொண்டாடவில்லை என்று எனக்குப் புரியவே இல்லை.

கணவர், ஜாஸ் சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் 1967இல் இறந்தபிறகு நாலு பிள்ளைகளோடு நின்ற ஆலிஸ், துக்கத்தில் சாப்பாடு தூக்கம் இல்லாமல் இருந்த காலத்தில் சச்சிதானந்தரைச் சந்தித்தார். 1970 நவம்பர் 8ஆம் தேதி, நியூயார்க்குக்கு வெளியே தன் வீட்டிலேயே இருந்த ஸ்டூடியோவில் தட்டின் நாலு பாட்டைப் பதிவு செய்தார். ஐந்தாவது மட்டும் ஒரு கச்சேரியில் எடுத்தது. முதல் பாட்டைப் போட்டதும் தம்புரா கேட்கும், கொஞ்சம் பொறுங்கள், செசில் மெக்பீயின் பேஸ் ஒரே ஒரு வரியை எடுத்துக்கொண்டு நடக்க ஆரம்பிக்கும், அதன் மேல் ஆலிஸின் ஹார்ப் தண்ணீர் கொட்டுகிற மாதிரி இறங்கும். ஃபாரோ சாண்டர்ஸ் சோப்ரானோ சாக்ஸஃபோனில் ஊதுவதை முதலில் நாதஸ்வரம் என்று நினைத்தேன் என்று சொன்னால் சிரிக்காதீர்கள். கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகினவர்கள் ராகம் எங்கே போகிறது என்று தேடினால் ஏமாறுவீர்கள், அது எங்கேயும் போகாது, உட்கார்ந்துவிடும். அம்மாவை சனிக்கிழமை சாயங்காலம் விளக்கு ஏற்றினபிறகு கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி (அதே வாசகியின் கணவர்போல இருக்கிறது): வயலின் வைத்த ப்ளூஸ் ப்ளூஸ்தானா?

பதில்: ப்ளூஸ் கிட்டார் கலைஞர் பி.பி. கிங் 1969இல் பதிவு செய்த 'தி த்ரில் இஸ் கான்' பாட்டைச் சொல்கிறீர்கள். ஆமாம், ப்ளூஸ்தான். வயலின் பின்னால் நிற்கிறது, கிட்டார்தான் அழுகிறது. வயலின் பிடிக்காதவர்கள் 1970 செப்டம்பரில் சிகாகோ ஜெயிலுக்குள் போய் அவர் வாசித்த தட்டைக் கேட்கலாம், அதில் கைதிகள் முதலில் சத்தம் போட்டு, அப்புறம் அடங்குகிறார்கள்.

கேள்வி (ஐசிபிங்கோ வாசகி): அப்பாவின் பெட்டியைத் திறந்தால் தட்டு முழுக்க வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருக்கிறது. தூக்கிப் போட்டுவிடலாமா? தங்கை வெயிலில் காயவைக்கலாம் என்கிறாள்.

பதில்: போடாதீர்கள், வெயிலில் காயவைக்கவே வைக்காதீர்கள். இதில் எனக்கு அனுபவம் உண்டு. ஊறுகாய்க்கு உப்புப் போட்ட மாங்காயைக் கொட்டகைத் தகரத்தின் மேல் அம்மா காயவைத்த அன்றைக்கு, பாவம் உன் தட்டும் ஈரமாக இருக்கிறதே என்று என்னுடைய ஏழு தட்டுகளையும் பக்கத்தில் பரப்பிவிட்டார். சாயங்காலம் மாங்காய் சுருங்கியிருந்தது, தட்டு ரொட்டி மாதிரி ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது. ஒன்றில் அம்மா அடுத்த வாரம் வெற்றிலை வைத்தார்.

டர்பன் காற்றில் ஈரம் அதிகம், அட்டைக் காகிதம் அதை உறிஞ்சிக்கொள்ளும், பூஞ்சை அங்கேதான் பிறக்கிறது. பழைய உள்ளுறையைத் தூக்கிப் போடுங்கள், தட்டைக் கழுவிப் பழைய உறையிலேயே திருப்பிப் போட்டால் அடுத்த மழைக்குள் மறுபடி வெள்ளை பூக்கும். கழுவுவதற்குக் காய்ச்சி வடித்த தண்ணீர், கார் பேட்டரிக்கு ஊற்றுவது, வெதுவெதுப்பாக ஒரு கிண்ணம். பாத்திரம் கழுவுகிற சோப்பு ஒரே ஒரு சொட்டு. நடுவில் இருக்கும் காகித லேபிளில் தண்ணீர் படாமல் ஒரு டப்பா மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மெல்லிய துணியால் கோடு ஓடுகிற வட்டத்திலேயே துடையுங்கள், குறுக்கே தேய்த்தால் போச்சு. பிறகு வெறும் தண்ணீரில் ஒரு தடவை, அப்புறம் பாத்திரம் அடுக்குகிற தட்டியில் நிழலில் நிற்கவையுங்கள்.

பெட்டியில் கனமான, கீழே விழுந்தால் உடைகிற 78 வேகத் தட்டுகள் இருந்தால் ஸ்பிரிட் எதுவும் அதில் பட வேண்டாம். அது அரக்கு, ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். தாத்தா காலத்து எம்.எஸ்., தியாகராஜ பாகவதர் எல்லாம் அந்த வகைதான், பார்த்துச் செய்யுங்கள்.

கேள்வி (லெனேசியாவிலிருந்து ஒரு பையன், 19 வயதாம்): ரோட்ரிகஸ் பாட்டை ரேடியோவில் போடாமல் இருக்கத் தட்டையே கீறி வைத்தார்கள் என்பது கட்டுக்கதைதானே தாத்தா?

பதில்: கட்டுக்கதை இல்லை தம்பி. அரசாங்க ரேடியோவின் தட்டுக் கிடங்கில் இருந்த பிரதியில், 'சுகர் மேன்' பாட்டு இருக்கும் இடத்தில் மட்டும் கூர்மையான எதையோ வைத்துக் கீறியிருப்பதை 2012இல் வந்த ஆவணப் படத்தில் காட்டினார்கள். போதைப் பொருள் பாட்டு என்று காரணம். ரேடியோவில் இல்லாவிட்டால் என்ன, வீட்டுக்கு வீடு கேசட்டில் நகல் எடுத்துக் கேட்டோம். ஆனால் அவர் அமெரிக்காவில் யாருக்கும் தெரியாமல், டெட்ராய்ட்டில் பழைய வீடுகளை இடித்துச் சரிசெய்கிற கூலி வேலை பார்த்துக்கொண்டிருந்தார், மேடையில் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு செத்துவிட்டார் என்று நாம் இங்கே பேசிக்கொண்டிருந்தோம். 1998 மார்ச்சில் ஆள் உயிரோடு இங்கே வந்து பாடினார். 2023 ஆகஸ்டில்தான் காலமானார்.

கேள்வி (ஓவர்போர்ட் வாசகர்): எல்லாம் அமெரிக்காக்காரன் தட்டாகவே இருக்கிறதே. நம்ம ஊர் ஆட்கள் ஒருவரும் இல்லையா?

பதில்: இருக்கிறார்கள், வேண்டுமென்றேதான் கடைசிக்கு வைத்தேன். ஃப்ளேம்ஸ். டர்பன் பையன்கள். ஸ்டீவ், எட்ரீஸ், ரிக்கி என்று ஃபத்தார் வீட்டு அண்ணன் தம்பி மூவர், கூடவே ப்ளாண்டி சாப்ளின். 1968இல் 'ஃபார் யுவர் ப்ரெஷஸ் லவ்' என்ற பழைய சோல் பாட்டை எடுத்துப் பாடினார்கள், நம் பக்கத்துக் கல்யாண மண்டபம் ஒன்று பாக்கியில்லாமல் அது ஒலித்தது. மாப்பிள்ளை அழைப்புக்கு நாதஸ்வரம், சாப்பாடு முடிந்ததும் ஃப்ளேம்ஸ்.

பிறகு லண்டனுக்குப் போனார்கள். அங்கே ஒரு கிளப்பில் பீச் பாய்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுக்காரர்கள் கேட்டுவிட்டு அமெரிக்காவுக்குக் கூட்டிப்போனார்கள். ஜேம்ஸ் பிரவுன் குழுவுக்கும் அதே பெயர் இருந்ததால் கடைசி எழுத்தை விட்டுவிட்டு 'தி ஃப்ளேம்' என்று ஆனார்கள். பீச் பாய்ஸ் குழுவின் கார்ல் வில்சன் தயாரித்து 1970இல் ஆல்பம் வந்தது. பீட்டில்ஸ் பாதிப்பு அதிகம் என்று குறை சொல்வார்கள், அதில் உண்மையும் இருக்கிறது, ஆனாலும் நாலு பேர் குரலும் ஒன்றாகச் சேர்கிற இடம் வந்தால் நான் கையில் உள்ள வேலையை வைத்துவிடுவேன். 1972இல் ரிக்கியும் ப்ளாண்டியும் பீச் பாய்ஸ் குழுவிலேயே சேர்ந்துவிட்டார்கள். 'செய்ல் ஆன், செய்லர்' பாட்டில் முன்னால் நின்று பாடுகிற குரல் நம்ம ப்ளாண்டியுடையது. இங்கே வெள்ளையர் கடற்கரையில் கால் வைக்க விடாத நாட்டிலிருந்து போனவர், கடற்கரைப் பாட்டுக்குப் பேர்போன குழுவில் பாடினார்.

என்னிடம் இருக்கும் 1970 தட்டில் முதல் பக்கம் மூன்றாவது பாட்டில் ஊசி குதிக்கிறது. மாமா கடையில் யாரோ தேநீர்க் கிண்ணம் வைத்த தழும்பு. கீறலில்லாத பிரதி வைத்திருப்பவர் யாராவது இருந்தால் எழுதுங்கள், விலை கேட்க மாட்டேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து கேட்டுவிட்டுப் போகிறேன்.